வாடிக்கைக்காரர் பட்டியல் யார் கையில்?

(மேற்குத் தாம்பரத்தில் சிறு வியாபாரிகளும் வீட்டுத் தொழில் செய்யும் பெண்களும் கூடிய கூட்டத்தில், ஆன்லைன் வியாபாரம் தொடங்குவது பற்றி நிகழ்த்திய பேச்சு)



இரவு ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, கல்லாப் பணத்தைக்கூட முழுதும் எண்ணி முடிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். விடியற்காலையில் எழுந்து மார்க்கெட்டுக்குப் போக வேண்டியவர்கள் உங்களில் பாதிப் பேர். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கடந்த மூன்று மாதங்களாக நானும், கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்முகம் சாலை, முடிச்சூர் சாலை, சேலையூர், சிட்லபாக்கம் என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். "ஆன்லைனில் வியாபாரம் செய்ய உதவுகிறோம், ஒரு பைசா கொடுக்க வேண்டாம்" என்று சொன்னோம். என்ன பதில் கிடைத்தது? ஒரு பலசரக்குக் கடைப் பெரியவர், "தம்பி, அதெல்லாம் ஏசி போட்ட கடைக்காரன் சமாசாரம், என்னை விடுங்க" என்றார். அவர் கடை முகப்பிலே க்யூஆர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில், பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் சின்னப் பெட்டி இருந்தது. நாங்கள் நிற்கும்போதே வாட்ஸப்பில் ஒரு குரல் வந்தது: "அண்ணாச்சி, ரெண்டு கிலோ பொன்னி, அரை கிலோ துவரம் பருப்பு எடுத்து வையுங்க, பையனை அனுப்பறேன்." நான் சொன்னேன்: "ஐயா, நீங்கள் ஆன்லைன் வியாபாரம் ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. உங்களுக்குத்தான் தெரியவில்லை!"

சிரிக்கிறீர்கள். ஆனால் இங்கே இருக்கும் பெரும்பாலோர் நிலைமை இதுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டையே மூடித் திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வர முடியாத ஜனங்களுக்கு அரிசியும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? தெருமுனைக் கடைக்காரர்தான். சீட்டில் எழுதிக் கொடுத்த சாமான் கணக்கு போனுக்கு மாறியது அப்போதுதான். ஆபத்துக் காலத்தில் தானாகக் கற்றுக்கொண்ட வித்தையை, ஆபத்து நீங்கியதும் நாம் பாதியிலே விட்டுவிட்டோம். மற்றவர்கள் விடவில்லை.

இருட்டுக் கடைகள்

மற்றவர்கள் என்றால் யார்? திருநெல்வேலியில் ஓர் இருட்டுக்கடை உண்டு. போனால் அல்வா கிடைக்கும். இப்போது நம் பேட்டைகளில் முளைத்திருக்கும் 'டார்க் ஸ்டோர்' வேறு வகை. வாடிக்கைக்காரர் உள்ளே நுழைய முடியாது. உள்ளே அடுக்கடுக்காகச் சாமான். வெளியே மோட்டார் சைக்கிளோடு பிள்ளைகள் வரிசை. பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், ஜெப்டோ என்று பெயர்கள். பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலில் பால் பாக்கெட் என்று விளம்பரம் செய்து வளர்ந்தவை. இவர்களுக்கு நஷ்டம் வந்தாலும் தாங்கும். முதலீட்டாளர் பணம் கோடி கோடியாகப் பின்னால் நிற்கிறது. உங்களுக்கு ஒரு வாரம் நஷ்டம் வந்தால் அடுத்த வாரம் வட்டிக்கு வாங்க வேண்டும்.

அந்நிய மூலதனம் போட்ட ஆன்லைன் கம்பெனி சந்தை நடத்தலாமே தவிர, தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது என்பது விதி. தன் பங்கு உள்ள கம்பெனியின் சரக்கை அந்தச் சந்தையில் விற்கவும் கூடாது என்று 2019 பிப்ரவரியிலிருந்து இறுக்கினார்கள். நடப்பு என்ன? அமேசானும் பிளிப்கார்ட்டும் குறிப்பிட்ட சில விற்பனையாளர்களுக்கே சலுகை காட்டுகின்றன என்ற புகாரின் மேல், இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவிட்டது. புகார் சரிதான் என்று விசாரணை அதிகாரிகள் கண்டதாக 2024-ல் செய்தி வந்தது. பத்து நிமிஷக் கம்பெனிகள் மேல் விநியோகஸ்தர்களின் அகில இந்திய சம்மேளனம் கொடுத்த புகாரும் அதே ஆணையத்துக்குப் போயிருக்கிறது. இந்தப் போராட்டம் நடக்கட்டும், நடக்க வேண்டும். ஆனால் தீர்ப்பு வரும் வரையில் கடை வாடகை நிற்குமா? நாளைக் காலை கடை திறக்கிறவன் நாளைக்கு என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

அனகாபுத்தூர் கண்ட அனுபவம்

இதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. வெகு தூரத்துக் கதையல்ல. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உண்டானபோது, பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் இவற்றோடு சேர்த்துக்கொள்ளப்பட்ட அனகாபுத்தூரின் கதை.

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று பெயர் பெற்ற கட்டம் போட்ட துணியை அங்கே நெய்து, நைஜீரியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். பெயர்தான் கைக்குட்டை, அங்குள்ள ஜனங்கள் இடுப்பில் உடுத்துவதற்கும் சடங்குகளுக்கும் ஆசையோடு வாங்கிய துணி. தறிகள் இரவும் பகலும் ஓடின. ஆனால் நெய்தவனுக்கும் உடுத்தியவனுக்கும் நடுவே யார் இருந்தார்கள்? ஏற்றுமதி வியாபாரிகள். வாங்குகிறவன் முகவரி நெசவாளிக்குத் தெரியாது. 1970-களில் நைஜீரிய சர்க்கார் இறக்குமதிக்குத் தடை போட்டது, ஊரே ஸ்தம்பித்தது. துணி மட்டமாகிவிட்டதா? இல்லை. நெசவாளி சோம்பேறியாகிவிட்டானா? இல்லை. ஒரே வாசல் வழியாகத்தான் வியாபாரம் நடந்தது, அந்த வாசலின் சாவி அவனிடம் இல்லை. அவ்வளவுதான்.

பின்னால் அந்த ஊரில் எஞ்சி நின்றவர்கள் வாழை நாரையும் பருத்தியையும் சேர்த்துப் புடவை நெய்யக் கற்றுக்கொண்டார்கள். தறிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்றாலும், வாழை நார்ப் புடவை என்றால் அனகாபுத்தூர் என்று வெளியூர்க்காரர்கள் போனில் தேடிக் கேட்கிறார்கள். துணியின் பெயரோடு ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. தேடுகிறவன் நேராக ஊருக்கே வருகிறான். நான் சொல்ல வந்தது இந்த வித்தியாசத்தைத்தான். ஆன்லைன் என்பது வாசல். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

முதலில் முகவரி

சரி, எங்கே ஆரம்பிப்பது? கூகுள் மேப்பில் உங்கள் கடை இருக்கிறதா என்று இன்றிரவே தேடிப் பாருங்கள். செலவே இல்லாத வேலை இது. நாங்கள் பார்த்தவற்றில் பல கடைகள் இல்லை. இருந்த கடைகளில் பல, வேறு யாரோ போட்ட பதிவு. போன் நம்பர் பழசு. புள்ளி இரண்டு தெரு தள்ளி, சாக்கடை ஓரத்தில் நிற்கிறது. ஒரு தையல் கடை அக்கா, "தீபாவளி சமயத்தில் போன் செய்து, இடம் தெரியாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர் தம்பி" என்று சொன்னார். பதிவை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ள, கடை முகப்பையும் உள்ளே இருக்கும் சாமானையும் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லும். கடைப் பலகை தெரிய வேண்டும். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். மளிகை, டிபன், தையல், மிக்சி ரிப்பேர் — எந்தத் தொழில் என்பதைச் சரியாகக் குறியுங்கள். வார விடுமுறை என்றைக்கு என்று போடுங்கள். இவ்வளவுக்கும் அரை மணி நேரம் போதும். இதற்குப் பணம் கேட்டு, "உங்கள் கடையை முதலிடத்தில் நிறுத்துகிறோம்" என்று போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போனை வைத்துவிடுங்கள்.

பணமும் பயமும்

இனிப் பண விஷயம். யுபிஐ 2016-ல் வந்தது. 2020 ஜனவரியிலிருந்து, வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்பது விதி. கூவும் பெட்டிக்கு மாத வாடகை பிடிப்பது வேறு விஷயம். எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பாஸ்புக்கைப் பாருங்கள். நாங்கள் போன கடைகளில் அதிகமாகக் கண்ட தவறு எது தெரியுமா? பணம் மகனுடைய சொந்தக் கணக்கில் போய் விழுகிறது. மருமகன் கணக்கில் விழும் கடையையும் பார்த்தேன்! குடும்பத்துக்குள் நம்பிக்கை இருக்கட்டும், நல்லது. ஆனால் நாளைக்கு வங்கியில் கடன் கேட்கும்போது உங்கள் கடையின் வரவை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? கடைக்கென்று தனிக் கணக்கு வேண்டும்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கோ மோசடி செய்தவன் உங்களிடம் ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் பணம் அனுப்பியிருப்பான். போலீஸ் அந்தப் பணத்தின் தடத்தைப் பிடித்து வந்து உங்கள் கணக்கை முடக்கச் சொல்லிவிடும். குடும்பச் செலவும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதே கணக்கில் இருந்தால் மொத்தமும் மாட்டிக்கொள்ளும். தனிக் கணக்கும், அன்றாடம் யாருக்கு என்ன விற்றோம் என்ற குறிப்பும் இருந்தால் வங்கியிலும் போலீசிலும் பதில் சொல்லலாம். பணம் அனுப்பியதாகப் போன் திரையைக் காட்டுகிறவரை நம்பாதீர்கள். பெட்டி கூவ வேண்டும், அல்லது உங்கள் வங்கிச் செய்தி வர வேண்டும்.

"ஆன்லைனில் பணம் வாங்கினால் வரி இலாகா பிடித்துக்கொள்ளும்" என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அது காரணமில்லாத பயமல்ல. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் அப்படித்தான் நடந்தது. யுபிஐ வரவுக் கணக்கைப் பார்த்து, ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பினார்கள். வரியே இல்லாத காய்கறி விற்றவருக்குக்கூட லட்சக்கணக்கில் நோட்டீஸ் போயிற்று. பெங்களூரில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி மாட்டினார்கள். வியாபாரிகள் ஒன்றுசேர்ந்து கிளம்பிய பிறகு, பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அந்த மாநில சர்க்கார் இறங்கி வந்தது. இதில் நாம் கற்க வேண்டியது என்ன? அட்டையைக் கழற்றுவதா? கழற்றினால் கிராக்கி அடுத்த கடைக்குப் போய்விடுவார். தமிழ்நாட்டில் சாமான் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரையில் ஜிஎஸ்டி பதிவு அவசியமில்லை. அந்த எல்லை எங்கே இருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டும். வரி உள்ள சாமான், வரியில்லாத சாமான் என்று நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். நோட்டு எழுதுகிறவன் நோட்டீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

நம் நோட்டு

வாட்ஸப்பில் வியாபாரத்துக்கென்றே தனிச் செயலி இருக்கிறது, இலவசம். சாமானின் படமும் விலையும் அதிலே அடுக்கிவைக்கலாம். முடிச்சூர் பக்கம் வீட்டிலேயே மாவு அரைத்து விற்கும் ஒரு தாயாருக்கு எங்கள் பிள்ளைகள் இதைப் போட்டுக் கொடுத்தார்கள். இட்லி மாவு, அடை மாவு, ராகி மாவு என்று மூன்றே படம். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. ஒரே செய்தியைப் பலருக்கு மொத்தமாக அனுப்பினால், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்துவைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அந்த அம்மாள் என்ன செய்தார்? மாவு வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், "என் நம்பரைப் போட்டுக்கோங்க கண்ணு, நாளைக்கு என்ன மாவுன்னு சொல்றேன்" என்று கேட்டுப் பதியவைத்தார். இப்போது ராத்திரியே ஆர்டர் வந்துவிடுகிறது. எவ்வளவு ஊறவைப்பது என்று கணக்காகத் தெரிகிறது. மிஞ்சிப் புளித்துப்போவது நின்றுவிட்டது. இந்த ஒன்றே அவருக்கு லாபம். பொட்டலத்தில் எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண் இவையெல்லாம் வேண்டும் என்பதையும் சொன்னோம். சாப்பாட்டுப் பொருள் விற்பவர்கள் யாரும் இதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

ஆனால் வாட்ஸப்பும் நம் சொத்தல்ல. அதன் சொந்தக்காரரான மெட்டா கம்பெனிக்கு, வாட்ஸப் உபயோகிப்பவர்களின் விவரங்களைக் கையாண்ட முறைக்காக, 2024 நவம்பரில் போட்டி ஆணையம் 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆகவே பெயர், தெரு, போன் நம்பர் மூன்றையும் ஒரு காகித நோட்டிலும் எழுதிவையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படிக் கிடந்தன? கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, க்யூஆர் அட்டை வெறும் அட்டையாகத் தொங்கிற்று. அன்றைக்குக் கடன் சொல்லிப் பால் வாங்கிப் போனவர் கணக்கு நோட்டில்தான் இருந்தது.

நூறு ரூபாயில் ஐம்பது காசு

கடைசியில் பெரிய கம்பெனிகளின் சந்தையில் சேரலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். முன்பெல்லாம் ஒரே ஒரு சட்டி அனுப்பினால்கூட, ஆன்லைன் சந்தையில் சாமான் விற்கிறவர் ஜிஎஸ்டி பதிவு செய்தே ஆக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்தது. 40 லட்சத்துக்குள் விற்பவர், தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதானால், பான் எண்ணைக் கொண்டு ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு விற்கலாம். வாசல் திறந்திருக்கிறது. நுழைவதற்கு முன் கணக்குப் போடுங்கள்.

உதாரணத்துக்கு ஒன்று. நூறு ரூபாய்க்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். அரிசி, எண்ணெய், காஸ், கூலி, வாடகை எல்லாம் சேர்த்து உங்களுக்கு எழுபது ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் விற்றால் முப்பது நிற்கும். டெலிவரி கம்பெனி நூற்றுக்கு 25 கமிஷன் எடுத்தால், அந்தக் கமிஷன் மேல் ஜிஎஸ்டி 18 சதவிகிதம் — அது நாலரை ரூபாய். ஆக இருபத்தொன்பதரை போயிற்று. உங்களுக்கு மிஞ்சுவது ஐம்பது காசு! இதிலே தள்ளுபடியையும் நீங்களே கொடுக்கச் சொன்னால் கையைக் கடிக்கும். விலையை ஏற்றினால் ஆர்டர் குறையும். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு: சாப்பாடு உங்களுடையது, ஆனால் சாப்பிட்டவரின் போன் நம்பர் உங்களுக்குக் கிடைக்காது. அவர் அந்தக் கம்பெனியின் வாடிக்கைக்காரர். அந்தக் கம்பெனி போனால் அவரும் போய்விடுவார். டன்சோ என்ற கம்பெனி சென்னையிலும்தான் ஓடிற்று. 2025 ஜனவரியில் அதன் செயலி நின்றுபோயிற்று. அதை நம்பி வந்த கிராக்கிகளின் பட்டியல் எந்தக் கடைக்காரரிடம் இருக்கிறது?

நான் சேரவே கூடாது என்று சொல்லவில்லை. புதிதாகக் கடை போட்டவருக்கு அது விளம்பரப் பலகை மாதிரி உபயோகப்படலாம். ஆனால் பொட்டலத்தின் மேல் உங்கள் கடைப் பெயரும் நம்பரும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அடுத்த முறை அவர் நேரே கூப்பிடட்டும்.

தனியாளால் முடியாத காரியத்தைச் சேர்ந்து செய்யலாம். 2025 ஜூலையில் நாமக்கல் ஹோட்டல்காரர்கள் ஸ்விக்கி, ஜொமாட்டோ இரண்டுக்கும் ஆர்டர் எடுப்பதில்லை என்று சங்கமாகத் தீர்மானித்து, கமிஷனுக்குப் பதில் சந்தா வாங்கும் ஜாரோஸ் என்ற தமிழ்நாட்டுக் கம்பெனியிடம் பேசி முடித்தார்கள். ஒரே ஒரு ஹோட்டல் மறுத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? மத்திய சர்க்காரின் முயற்சியால் 2021 கடைசியில் பதிவான ஓஎன்டிசி என்ற பொது வலைப்பின்னலும் இருக்கிறது. எந்தச் செயலியில் வாங்குகிறவரும் எந்தச் செயலியில் விற்கிறவரிடமும் வாங்கலாம் என்பது அதன் ஏற்பாடு. சொன்ன வேகத்தில் அது வளரவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அதன் கருத்து நல்ல கருத்து. இன்னும் பின்னால் போனால், 1904-லேயே திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை கண்ட ஊர் இது. அன்று வாங்குகிறவர்கள் சேர்ந்தார்கள். இன்று விற்கிறவர்கள் சேர வேண்டிய காலம்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு தெருவில் பத்துக் கடை. பத்துக் கடைக்கும் சேர்த்து டெலிவரிக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு மாதச் சம்பளம், பெட்ரோல், மழைக்கோட்டு, வாரம் ஒருநாள் விடுமுறை. பத்து நிமிஷம் என்று யாரையும் விரட்ட வேண்டாம். அரை மணியில் வரும் என்று சொல்லி, சொன்னபடி கொடுத்தால் போதும். மளிகைக்குப் போன் செய்தவரிடம், "பக்கத்துக் கடையில் காய் வேணுமா, மருந்து வேணுமா, அதையும் சேர்த்து அனுப்பட்டுமா" என்று கேளுங்கள். இருட்டுக் கடையில் இப்படிக் கேட்க ஆளில்லை. செலவை எப்படிப் பிரிப்பது என்பதில் சண்டை வரும், எனக்குத் தெரியும். சிட்லபாக்கத்தில் ஐந்து கடைக்காரர்களைச் சேர்த்து உட்காரவைத்தோம். இரண்டாம் கூட்டத்திலேயே, "எனக்கு நாலு டெலிவரி, அவருக்குப் பதினாலு, சம பங்கு எப்படி நியாயம்?" என்று எழுந்துவிட்டார்கள். டெலிவரிக்கு இவ்வளவு என்று எண்ணிப் போட்ட பிறகு மறுபடி உட்கார்ந்தார்கள். மூன்று கடை நிற்கிறது, இரண்டு கடை யோசிக்கிறது. இதுதான் இன்றைய நிலவரம். கூட்டிச் சொல்ல நான் விரும்பவில்லை.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை இந்த மண்டப வாசலிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருப்போம். வரும்போது ஆதார், பான், பாஸ்புக், கடைப் பலகையின் போட்டோ, சார்ஜ் ஏற்றிய போன் இவற்றைக் கொண்டுவாருங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற புரோக்கரிடம் போகாதீர்கள், இங்கேயே செய்து கொடுக்கிறோம். தள்ளுவண்டிக்காரர்கள் மாநகராட்சி கொடுத்த வியாபாரி அட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். ஸ்வநிதிக் கடனுக்கு மனு எழுத ஒரு தம்பி இருப்பார். ஓடிபி எண்ணை மட்டும் எங்களிடம்கூடச் சொல்லாதீர்கள், நீங்களே போடுங்கள். எழுதப் படிக்கச் சிரமமுள்ள அம்மாமார்கள் கூச்சப்பட வேண்டாம். பேசினால் எழுதிக்கொள்ளும் போன்தான் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு மாதத்து விற்பனை நோட்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நாளைக் காலை முதல் போணியிலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.